அறிவு பெரிதா, ஒல்லி உடம்பு பெரிதா?

'மணமகள் தேவை' பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பட்டப்படிப்பு கேட்டிருப்பார்கள், நிறம் கேட்டிருப்பார்கள், நடுவில் 'ஸ்லிம்' என்று ஒரு சொல்லும் உட்கார்ந்திருக்கும். படிப்பு, ஒல்லி உடம்பு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை விட்டுக்கொடுப்பார்கள்? விளம்பரம் அதைச் சொல்லாது. வீட்டில் வளரும் பெண்ணும் பையனும் தினமும் யோசிப்பது இதைத்தான். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நேராகக் கேட்டால் மனிதர்கள் என்ன சொல்கிறார்கள்? 'அறிவுதான் முக்கியம்' என்பார்கள். 1989-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். 33 நாடுகளில் 37 மக்கள் பிரிவுகளைச் சேர்ந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம், வாழ்க்கைத் துணையிடம் எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இந்தியர்களும் அதில் இருந்தார்கள். அன்பு, நம்பத் தகுந்த குணம், அறிவு போன்றவற்றை ஆணும் பெண்ணும் மேலே வைத்தார்கள். தோற்றத்துக்குப் பெண்களைவிட ஆண்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆண்களின் பட்டியலிலும் அது முதலிடத்துக்கு வரவில்லை.

அப்படியென்றால் பதில் கிடைத்துவிட்டதா? இன்னும் இல்லை. காகிதத்தில் 'டிக்' அடிக்கும்போது மனம் ஒரு பக்கம் நிற்கும். எதிரே ஓர் ஆள் வந்து நின்றால் அது வேறு பக்கம் போகும். இதைச் சோதித்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று உண்டு.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்காக ஒரு நடன விருந்து நடந்தது. யாருக்கு யார் ஜோடி என்பதைக் கணினியே பொருத்தம் பார்த்துச் சொல்லும் என்று அறிவித்தார்கள். டிக்கெட் வாங்க வந்தவர்கள் நீளமான படிவத்தை நிரப்பினார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்த 4 பேர், வரிசையில் வரும் ஒவ்வொருவரின் தோற்றத்துக்கும் சத்தமில்லாமல் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் கணினி எந்தப் பொருத்தமும் பார்க்கவில்லை. 376 ஆண்களையும் 376 பெண்களையும் குலுக்கிப் போட்டதுபோல் சேர்த்துவிட்டார்கள். பெண் ஆணைவிட உயரமாக இருந்துவிடக் கூடாது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டார்கள்.

நடனத்தின் இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள்: உங்கள் ஜோடியைப் பிடித்திருக்கிறதா? மறுபடி சந்திக்க விருப்பமா? எலைன் வால்ஸ்டரும் குழுவினரும் 1966-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜோடியின் பள்ளி மதிப்பெண்ணோ, அறிவுத்திறன் தேர்வோ, குணத்தை அளக்கும் சோதனையோ, யாரை யாருக்குப் பிடிக்கும் என்று கணிக்க உதவவில்லை. உதவியது ஒன்றே ஒன்று: அந்த 4 பேர் போட்ட தோற்ற மதிப்பெண். ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தோற்றம் என்றால் ஒல்லிதானா? நல்ல சந்தேகம். ஒல்லி உடம்பே அழகு என்பது எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான விதி கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்கள், விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை இளைத்திருந்தால் 'ஏன் இப்படி வத்திப் போயிட்டே' என்றுதான் கவலைப்பட்டார்கள். கொஞ்சம் சதைப்பிடிப்போடு இருந்தால் முகம் மலர்ந்தது.

இந்த ரசனை எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு பிஜித் தீவு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே நல்ல கனமான உடம்பு என்றால் நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு, உழைக்கும் தெம்பு என்று பொருள். 1995-இல் நாட்ரோங்கா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் அமெரிக்க மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் பள்ளி மாணவியரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். 1998-இல் அதே வயதுள்ள மாணவியரிடம் மறுபடியும் நடத்தினார். உணவுக் கோளாறுக்கான (சாப்பாட்டையும் எடையையும் பற்றிய பயம் நோயாக மாறுவது) அறிகுறிகள் அதிகம் இருந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். எடை குறைய வேண்டும் என்று தாங்களே வாந்தி எடுத்தவர்கள் முதல் கணக்கெடுப்பில் ஒருவரும் இல்லை, இரண்டாவதில் 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் 60 சொச்சம் மாணவியரிடம் மட்டுமே கேட்ட சிறிய ஆய்வு இது. தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 3 ஆண்டுகளில் ஓர் ஊரின் கண் மாறத் தொடங்கலாம் என்பது தெரிகிறது.

பெண்ணின் அறிவுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஓர் எல்லை வரை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் சில நிமிடங்கள் பேசிவிட்டு 'மறுபடி சந்திக்கலாமா' என்று முடிவெடுக்கும் கூட்டங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2006-இல் அது வெளியானது. பெண்கள் அறிவுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். ஆண்கள் தோற்றத்துக்குக் கொடுத்தார்கள். பெண்ணின் அறிவை ஆண்களும் மதித்தார்கள். தங்களைவிட அவள் கெட்டிக்காரி என்று பட்டதும் அந்த மதிப்பு மேலே ஏறாமல் நின்றுவிட்டது. மகளை முனைவர் பட்டம் வரை படிக்க வைத்துவிட்டு, 'இவ்வளவு படிச்ச பொண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது' என்று தவிக்கும் பெற்றோருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. தவறு அந்தப் படிப்பில் இல்லை என்பதை அவர்கள் உறுதியாக நம்ப வேண்டும்.

இதுவரை அறிவு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்தே பேசினோம். நம் மூளை அப்படிப் பிரித்து வைப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ராணுவ அதிகாரிகள் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். தங்களுக்குக் கீழே பணிபுரிந்தவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைத் திறன், குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். உடற்கட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் அறிவிலும் வாங்கியிருந்தார், குணத்திலும் வாங்கியிருந்தார். ஒன்றுக்கொன்று இவ்வளவு ஒட்டிப்போக நியாயமே இல்லை. இதற்கு அவர் வைத்த பெயர் ஒளிவட்ட விளைவு (ஒருவரிடம் கண்ட ஒரு நல்ல அம்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் போடுவது).

இது நம்மை எப்படித் தொடுகிறது? ஒல்லியாக, எடுப்பாக உடுத்தி வருபவரைப் பார்த்ததும் 'சுறுசுறுப்பானவர், விவரமானவர்' என்று நினைக்கிறோம். பருமனானவரைப் பார்த்ததும் 'சோம்பேறி, கட்டுப்பாடு இல்லாதவர்' என்று மனம் ஒரு முத்திரையைக் குத்திவிடுகிறது. அவர் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார். ஆக, அறிவை மதிப்பதாக நாம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்பதை உடம்பைப் பார்த்தே ஊகித்துவிடுகிறோம். போட்டி தொடங்கும் முன்பே ஒருவருக்குப் பாதி மதிப்பெண் போய்விடுகிறது.

காலம் போகப் போக இது குறைந்திருக்குமே? மற்றப் பாகுபாடுகளில் சில குறைந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த்தும் மஹ்சரின் பானாஜியும், 2007 முதல் 2016 வரை இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதிய 44 லட்சம் சோதனைகளை ஒப்பிட்டார்கள். யோசிக்க நேரம் தராமல் கேட்டு உள்மனச் சாய்வை (நமக்கே தெரியாமல் நாம் ஒருபக்கம் சாய்வதை) அளக்கும் சோதனை அது. இனம், தோல் நிறம், பாலின ஈர்ப்பு ஆகியவற்றில் சாய்வு குறைந்திருந்தது. உடல் எடையில் மட்டும் கூடியிருந்தது. அதே ஆண்டுகளில், வெளிப்படையாகக் கேட்டபோது எடையைப் பற்றிய கருத்தும் நல்ல திசையில்தான் நகர்ந்திருந்தது. சொல் ஒரு பக்கம் போக, மனம் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது.

சம்பளத்திலும் இதன் சுவடு தெரிகிறது. திமோதி ஜட்ஜ், டேனியல் கேபிள் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஒல்லியான பெண்கள் சராசரி எடையுள்ள பெண்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆண்களிடம் நிலைமை வேறு: ஒரு கட்டம் வரை எடை கூடக் கூடச் சம்பளமும் கூடியது. ஒல்லி என்ற நிபந்தனை யாருக்குப் போடப்படுகிறது என்பது இதில் தெளிவாகிறது.

அப்படியானால் அறிவு எப்போதுமே தோற்றுப் போகுமா? போகாது. பார்ப்பவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதே இதை முடிவு செய்கிறது. 2015-இல் லூசி ஹன்ட்டும் அவருடைய குழுவினரும் 167 ஜோடிகளை ஆராய்ந்தார்கள். அறிமுகமான கொஞ்ச நாளிலேயே சேர்ந்தவர்கள் தோற்றத்தில் ஒருவருக்கொருவர் ஈடாக இருந்தார்கள். நெடுநாள் நண்பர்களாகப் பழகிவிட்டுப் பிறகு சேர்ந்தவர்களிடம் அந்த ஈடு அவ்வளவாகக் காணப்படவில்லை. பழகப் பழக அவர்கள் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள். பேச்சு, நகைச்சுவை, பொறுமை, புத்தி எல்லாம் கண்ணில் பட நாள் பிடிக்கும். உடம்பு ஒரு நொடியில் கண்ணில் பட்டுவிடும். மினசோட்டாவில் இடைவேளையில் கேட்டார்கள்; ஓராண்டு கழித்துக் கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

சரி, இதை வைத்து நீங்கள் என்ன செய்யலாம்?

வரன் பார்க்கிறீர்களா? நம் வழக்கம் முழுக்க ஒரு நொடிப் பார்வையை நம்பியே இருக்கிறது. முதலில் போட்டோ, அதுவும் முழு உருவப் படம். பிறகு ஜாதகம். அதன்பின் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அரை மணி நேரம். திரும்பும் வழியில் காரிலேயே தீர்ப்பு: 'பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, நம்ம பையனுக்கு ஒத்து வராது.' இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். விவரம் ஒத்துப்போனால், படம் அனுப்பும் முன் இருவரும் போனில் ஒருமுறை பேசட்டும். முதல் சந்திப்பிலேயே 'சரி, இல்லை' என்று சொல்லாமல், இன்னும் 2 முறையாவது சந்திக்கட்டும். பணத்தை எப்படிக் கையாள்வார், கோபம் வந்தால் என்ன செய்வார், வேலையில் ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தார் என்று கேட்கட்டும். இவையெல்லாம் கூடத்தில், காபி தம்ளரோடு வரும் கேள்விகள் இல்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒன்று. எடையைச் சொல்லி ஒரு வரன் தட்டிப்போனால் அதை மகளிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'அடுத்த மாசத்துக்குள்ள 8 கிலோ குறைச்சிடு' என்று கெடு வைக்கவும் வேண்டாம். அவசர அவசரமாகப் பட்டினி கிடந்து குறைத்த எடை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தான் போதாதவள் என்று அவள் மனதில் விழுந்த எண்ணம் மட்டும் போகாமல் நிற்கும்.

நீங்கள் ஆட்களை வேலைக்கு எடுப்பவரா? நம் தேர்வுத் துறைக்கு ஒரு நல்ல வழி முன்பே தெரியும். பொதுத் தேர்வின் விடைத்தாளில் பெயரை மறைத்து 'டம்மி நம்பர்' போட்டுத்தான் திருத்தக் கொடுப்பார்கள். எழுதியவர் யார் என்று தெரிந்தால் கை சாயும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. நேர்முகத் தேர்வில் முகத்தை மறைக்க முடியாது, ஆனால் வேறு சில வேலைகள் செய்யலாம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் மதிப்பெண் எழுதிவிடுங்கள். தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன் எல்லோரும் எழுதி முடித்திருக்க வேண்டும். முடிந்தால், ஆளைப் பார்க்கும் முன்பே ஒரு சிறு எழுத்துத் தேர்வோ செய்முறைத் தேர்வோ வையுங்கள்.

சட்டம் துணைக்கு வருமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976-லேயே எடையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடை செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் அத்தகைய சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் உடல் எடையைப் பெயர் சொல்லிக் காக்கும் சட்டம் இல்லை. ஆகவே இப்போதைக்கு எல்லாம் தேர்ந்தெடுப்பவரின் நேர்மையைப் பொறுத்ததுதான்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? அப்படியானால் அதிகக் கவனம் தேவைப்படும் இடம் உங்கள் சாப்பாட்டு மேசைதான். 'குண்டு', 'பூசணிக்காய்' என்று செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்பீர்கள். சொல்பவருக்கு அது செல்லம். மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் பதின்வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள், 15 ஆண்டுகள் கழித்து, மனக்கஷ்டம் வந்தால் சாப்பாட்டில் ஆறுதல் தேடுபவர்களாகவும் உடல்பருமன் உள்ளவர்களாகவும் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. குறைய வேண்டும் என்று சொன்ன கேலி எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் எதுவுமே பேசக் கூடாதா? பேசலாம், எதைப் பற்றி என்பதுதான் கணக்கு. எடையைப் பற்றிப் பெற்றோர் பேசிய வீடுகளில் பிள்ளைகள் பட்டினி, வாந்தி போன்ற தவறான வழிகளுக்குப் போவது அதிகம் என்றும், நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு என்றும் அதே குழுவினர் 2013-இல் எழுதினார்கள். 'இந்த வயித்துக்கு இன்னொரு தோசையா' என்பதை விட்டுவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி காய்கறியும் பருப்பும் கூடுதலாக வையுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வேண்டாம்.

பையன்களையும் மறந்துவிடாதீர்கள். 'ஒல்லிப்பிச்சான்', 'நோஞ்சான்' என்ற பெயர்கள் அவர்களைத் துரத்துகின்றன. ஜிம்மில் யாரோ கொடுக்கும் பவுடர் டப்பாவைக் கேள்வி கேட்காமல் வாங்கிவரும் பையனுக்குப் பின்னால் இந்தக் கேலி இருக்கலாம்.

உடம்பைப் பேசாமல் 'நீ ரொம்பப் புத்திசாலி' என்று பாராட்டினால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட 5-ஆம் வகுப்புக் குழந்தைகள் அடுத்து எளிதான புதிர்களையே நாடினார்கள். கஷ்டமான புதிரில் தடுமாறியதும் மனம் விட்டுப்போனார்கள். மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது அவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 4 பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட குழந்தைகளிடம் இவ்வளவு பொய் இல்லை. ஒல்லியாக இல்லையென்றால் மதிப்பில்லை என்ற பயத்தை எடுத்துவிட்டு, முதல் மதிப்பெண் இல்லையென்றால் மதிப்பில்லை என்ற பயத்தை அந்த இடத்தில் வைக்க வேண்டாம். பிள்ளை செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: 'நீ அந்தக் கணக்கை வேற வழியில போட்டுப் பார்த்தே இல்ல, அது எனக்குப் பிடிச்சிருந்தது.'

ஆனால் பருமன் உடம்புக்குக் கெடுதல்தானே? நியாயமான கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 10 பேருக்கு 4 பேரின் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25 அல்லது அதற்கு மேல். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இதோடு சேர்ந்து வருகின்றன. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒல்லியாகத் தெரிவதாலேயே ஆரோக்கியம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கலாம். அதனால் கண்ணாடியை நம்பாமல் நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், உடம்பு எப்படித் தெரிந்தாலும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒல்லியாக இருப்பவர்களும்தான்.

எப்போது பயப்பட வேண்டும்? சாப்பிட்டதும் பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி மயக்கம் வருவது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது: இவற்றில் எது தெரிந்தாலும் திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியவில்லையென்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எடை எத்தனை கிலோ என்று அங்கே நீங்கள் தொடங்க வேண்டியதில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.